மேஜை அழகாகவும் இருக்கட்டும், ஐந்தே நிமிடத்தில் பிரிக்கவும் வரட்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஆண்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். "இதை எங்கே வைக்கலாம்?" என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே மேஜையைப் போட்டுவிடுகிறார்கள். நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பவன். வாரத்தில் பாதி நாள் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். இணையத்தில் வரும் அழகான மேஜைப் படங்களை அப்படியே காப்பி அடித்தால் நம்ம ஊருக்குச் சரிப்படாது. இங்கே காற்று வேறு, தூசி வேறு, தண்ணீரும் வேறு.

எந்தச் சுவர் ஓரம்?

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது திருநெல்வேலிக்கு வருவது பெரும்பாலும் காற்றும் புழுதியும்தான். எனவே மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேராகக் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். சி.பி.யு. உள்ளே இருக்கும் ஃபேனில் தூசி பஞ்சு போல அடைந்துகொண்டால் சூடு வெளியேறாது. வேகம் குறையும், சில சமயம் மெஷின் தானாகவே அணைந்தும் போகும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் அடிக்கும். திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். இடது அல்லது வலது பக்கம் ஜன்னல் வருகிறமாதிரி மேஜையைத் திருப்பிப் போடுங்கள்.

மானிட்டர் ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். ஸ்டாண்ட் உயரம் போதவில்லை என்றால் பழைய தடி டிக்‌ஷனரி இரண்டு போதும். சி.பி.யு.வின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே அரை அடி இடைவெளி விடுங்கள். லேஸ் வைத்துத் தைத்த துணி உறை போட ஆசைப்பட்டால் போடுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துச் சூடு ஆறிய பிறகு.

தரையில் எதுவும் வேண்டாம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணியில் தண்ணீர் ஏறினால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது நமக்குப் பழகிப்போனதுதான். அந்த முறை சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் என்று கரையோரத் தெருக்களுக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது.

என் சித்தப்பா வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். மேஜை மேல் இருந்த மானிட்டர், கீ போர்டு, ஸ்பீக்கர், பேனா ஸ்டாண்ட் எல்லாம் பொட்டு ஈரம் இல்லாமல் அப்படியே இருந்தன. மேஜைக்குக் கீழே 'மறைவாக' வைத்திருந்த சி.பி.யு., யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் சேற்றில். கடைக் கணக்கு, தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் அந்த சி.பி.யு.வில்தான் இருந்தன. "தூக்கி வச்சிருக்கலாமே சித்தி?" என்று கேட்டேன். "கரண்ட் போயிட்டுய்யா. டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரே வயரு. எதைப் புடுங்க, எதை விட? பயமா இருந்துச்சு" என்றார். நியாயமான பயம்தான்.

மேஜைக்குக் கீழே ஒளித்து வைப்பதுதான் அழகு என்று படங்களில் காட்டுகிறார்கள். ஆற்றங்கரை ஊரில் அது வேண்டாம். சி.பி.யு.வை மேஜை மேல் ஓர் ஓரமாக வையுங்கள். இடம் அடைக்கிறது என்றால், இப்போது மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டும் சின்ன மினி பி.சி.க்கள் கிடைக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிடலாம். இதனால் பெருக்கித் துடைக்கவும் சுலபம். பாதி அழகு அதிலேயே வந்துவிடும்.

வயர்களைக் கட்டும் முறை

வயர்களைச் சேர்த்துக் கட்ட பிளாஸ்டிக் கேபிள் டை வாங்காதீர்கள். ஒருமுறை இழுத்துவிட்டால் கத்தரிக்கோல்தான் கதி. வெல்க்ரோ பட்டை வாங்குங்கள், விரலால் பிரித்துவிடலாம். எலக்ட்ரிக்கல் கடையில் பல நிற இன்சுலேஷன் டேப் கிடைக்கும். மானிட்டர் வயரின் முனையில் மஞ்சள், அது சொருகும் இடத்துக்குப் பக்கத்திலும் மஞ்சள். யு.பி.எஸ். வயருக்குச் சிவப்பு. பிரிண்டருக்குப் பச்சை. கம்ப்யூட்டரே தெரியாதவர்கூடக் கழற்றவும் திரும்ப மாட்டவும் முடியும்.

கழற்றும் வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதலில் ஷட் டவுன். அடுத்து யு.பி.எஸ்.ஸின் பட்டனை அணைக்க வேண்டும். சுவர் பிளக்கைப் பிடுங்கினாலும் பேட்டரி மூலம் யு.பி.எஸ்.ஸின் பின்பக்க சாக்கெட்டுகளில் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. பிறகு சுவர் சுவிட்ச், அதன் பிறகுதான் வயர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் இது எதையும் தொடாதீர்கள். ஈரத்தில் நிற்காமல் மெயினை அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். கம்ப்யூட்டர் போனால் போகட்டும். நனைந்த சி.பி.யு.வை வெயிலில் காயவைத்து 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதும் கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை முக்கியம் என்றால் அதை அப்படியே டேட்டா மீட்டுத் தருபவர்களிடம் கொடுங்கள்.

கொஞ்சம் அலங்காரம்

பத்தமடைப் பாயில் சின்னதாக ஒரு துண்டு வாங்கிக் கீ போர்டுக்குக் கீழே விரித்துப் பாருங்கள். தாமிரபரணிக் கோரையில் நெய்தது, கைக்கு இதமாக இருக்கும். எந்த டெஸ்க் மேட்டும் அதற்குப் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி. கோரைப் பாயில் வரி வரியாக மேடு பள்ளம் இருப்பதால் மவுசுக்கு மட்டும் தனி பேட் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்கடை அல்வாவை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்! நெய் பட்ட கீயைத் துடைத்துவிடலாம், அதைத் தேடி வரும் எறும்பைக் கீ போர்டுக்குள்ளிருந்து விரட்டுவது பெரும்பாடு.

ஐப்பசி பிறக்கும் முன் ஒருநாள் வீட்டில் உள்ளவர்களை வைத்தே எல்லாவற்றையும் கழற்றி மேலே ஏற்றிப் பாருங்கள். சித்தி போன வருடம் தனியாக நான்கரை நிமிடத்தில் முடித்துவிட்டார். யு.பி.எஸ். மட்டும் கனமாக இருந்ததால் சித்தப்பாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இப்போது அது பீரோவுக்குப் பக்கத்தில், மூன்றடி உயரத்தில் தனிப் பலகையில் இருக்கிறது. கணக்கும் போட்டோக்களும் மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அலமாரிக்கு வந்துவிடுகின்றன.