அமைவுக் கோப்புகளில் அலைக்குறி

யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த கணிப்பொறிகளில் பயனாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடைவு ஒதுக்கப்பட்டிருக்கும். அவருடைய சொந்தக் கோப்புகள் அதனுள் இருப்பதால் அதற்கு இல்ல அடைவு என்று பெயர். அதன் முழுப் பாதையை எழுதுவது தொல்லை என்பதால், ‘~’ என்னும் அலைக்குறியை அதற்கு ஈடாக இடும் வழக்கம் ஏற்பட்டது. ‘~/மழை’ என்றால் இல்ல அடைவினுள் இருக்கும் மழை என்னும் அடைவு என்று பொருள்.

இக்குறி வந்த வழி சுவையானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1970களின் பிற்பகுதியில், பில் ஜாய் என்பவர் ‘சி ஷெல்’ என்னும் கட்டளை ஏற்பியை இயற்றினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தின் விசைப்பலகையில் அலைக்குறியும் ‘ஹோம்’ என்னும் சொல்லும் ஒரே விசையின்மீது பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வழக்கத்துக்குப் பெரும்பாலோர் கூறும் காரணம் இதுவே. சுட்டியைத் திரையின் மூலைக்குக் கொண்டுசெல்வதே அந்த ‘ஹோம்’ விசையின் வேலை. இல்ல அடைவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

இங்கு முக்கியமாக அறியத்தக்கது யாதெனில், அலைக்குறியை விரித்து முழுப் பாதையாக்குவது ஷெல்லே என்பதாகும். அதுவும் சொல்லின் தொடக்கத்தில், மேற்கோள் குறிக்குள் அடைபடாமல் நின்றால்தான் விரிக்கும். கெர்னல் எனப்படும் இயக்குதளத்தின் உட்கருவுக்கோ அது மற்ற எழுத்துகளைப் போன்ற ஓர் எழுத்து. கோப்பின் பெயராகவும் அதனை ஏற்றுக்கொள்ளும்.

அமைவுக் கோப்பை நிரல் நேரே படிக்கிறது. நடுவில் ஷெல் இல்லை. ஆகவே விரிக்கும் பொறுப்பு நிரலையே சாரும். ‘கிட்’, ‘ஓப்பன் எஸ்எஸ்எச்’ ஆகியவை பாதையைக் குறிக்கும் தம் அமைவுகள் பலவற்றில் இதனைத் தாமே செய்கின்றன. எல்லா நிரல்களும் அவ்வாறு செய்வதில்லை.

மழையளவைப் பதிவு செய்யும் நிரல் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதன் அமைவுக் கோப்பில் சேமிப்பிடம் ‘~/மழை’ என்றிருக்கிறது. நிரல் அதனை விரிக்கவில்லை. அடைவு இல்லையெனில் உண்டாக்கிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. தான் இயங்கும் இடத்திலேயே ‘~’ என்ற பெயருடன் ஓர் அடைவை உண்டாக்கி, நாள்தோறும் அதனுள் எழுதி வருகிறது. பிழைச்செய்தி ஏதும் வருவதில்லை. பருவ முடிவில் களப்பணியாளர் உண்மையான இல்ல அடைவில் தேடும்போது அங்கே ஒரு குறிப்பும் இராது.

இதனினும் கொடியது அடுத்து நேரக்கூடியது. அந்த வேண்டாத அடைவைக் கண்டவர், அதனை அகற்ற எண்ணி ஷெல்லில் ‘ஆர்எம் -ஆர்’ என்னும் நீக்கல் கட்டளையுடன் அலைக்குறியைத் தட்டினால், ஷெல் தன் கடமையைச் செய்துவிடும். இல்ல அடைவு முழுவதும் அழியத் தொடங்கும். இக்கட்டளைக்குக் குப்பைத் தொட்டி இல்லை. ‘./~’ என்று எழுதினால், இவ்விடத்திலுள்ள அலைக்குறிப் பெயருடைய அடைவு என்றே ஷெல் கொள்ளும். முதலில் ‘எம்வி’ கட்டளையால் வேறு பெயரிட்டு, உள்ளே இருப்பதைப் பார்த்த பின் நீக்குவது இன்னும் நலம்; தேடிய குறிப்புகள் அங்கேயே இருக்கலாம்.

விரிக்கும் நிரலிலும் ஒரு சிக்கல் உண்டு: யாருடைய இல்லம்? பின்னணிப் பணியாக வேறு பயனாளர் பெயரில் இயங்கும் நிரலுக்கு அலைக்குறி அப்பயனாளரின் இல்லத்தையே சுட்டும். இத்தகைய பணிகளுக்கு முழுப் பாதையை எழுதுவதே தக்கது. மாறாக, ஒரே அமைவுக் கோப்பை மாணவர் பலர் பகிரும் பள்ளி ஆய்வகத்தில் அலைக்குறியே வசதி. அவரவர் கோப்பு அவரவர் இல்லத்தில் சேரும்.

நிரல் கற்பிக்கும் ஆசிரியர்கள் மற்றொன்றையும் கருதலாம். பைதான் மொழியில் கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ அலைக்குறியை விரிக்காது. ‘எக்ஸ்பேண்ட்யூசர்’ என்னும் செயற்கூற்றை முன்னதாக அழைக்க வேண்டும். விரிக்க இயலாதபோது அது பிழை கூறாமல் பாதையை அப்படியே திருப்பித் தரும். ஆதலால் விடை இன்னும் அலைக்குறியுடன் தொடங்குகிறதா என்று பார்த்து, அவ்வாறாயின் நிரலை நிறுத்திவிடுதல் வேண்டும்.

புதிய கருவியைக் களத்துக்கு அனுப்புமுன், ஒரு சோதனைக் குறிப்பை எழுதச் செய்து, அது எந்த அடைவில் விழுந்தது என்று நேரில் பார்த்துக்கொண்டால் போதும். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காது.