கொல்லங்கோட்டு மலை போனில் ஏன் குட்டையாகிறது?

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலை சின்னாறு சரணாலயத்துக்குள் நுழைந்ததும் வண்டிகள் ஆங்காங்கே நின்றுவிடும். மூங்கிலுக்குப் பின்னால் யானை. போனை நீட்டி எடுத்துப் பார்த்தால் படத்தில் யானையைக் காணோம். புதர் நடுவே கறுப்பாக ஏதோ இருக்கிறது. உடனே கதவைத் திறந்து இறங்கி, நாலு எட்டு முன்னே வைக்கிறார் நம் ஆள்.

அந்த நாலு எட்டுக்குப் பாதிக் காரணம் லென்ஸ். பெரும்பாலான போன்களில் முதன்மை கேமரா, பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் சொன்னால், 24 முதல் 26 மி.மீ. வரையிலான வைடு லென்ஸ். காட்சியை அகலமாக வாரிக்கொள்வதால் எதிரே நிற்பது சிறுத்துத் தெரியும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி பின்னால் வரும் லாரியைத் தள்ளிக் காட்டுமே, அதே கதை. திரையைப் பார்த்தபடி நடப்பவருக்கு யானை உண்மையில் எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது என்பது உறைப்பதே இல்லை. ரஜினி படப் பெயரால் ‘படையப்பா’ என்று மூணாறுக்காரர்கள் அழைக்கும் கொம்பன் ரோட்டுக்கு வந்தாலும் இதே கூத்துதான். அங்கே ஜூமைத்தான் நகர்த்த வேண்டும். கால்கள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஆனால் எந்த ஜூம்? ஆப்டிகல் ஜூம் லென்ஸின் வேலை. காட்சி சென்சாரில் விழும்போதே பெரிதாக விழுகிறது. டிஜிட்டல் ஜூம், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதுவது. 12 மெகாபிக்சல் படத்தை 2 மடங்கு இழுத்தால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல். 4 மடங்கு இழுத்தால் முக்கால். மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. யானைத் தோலின் சுருக்கமெல்லாம் மெழுகு பூசினாற்போல் வழவழத்துப் போவது இதனால்தான். 48, 50 மெகாபிக்சல் சென்சார் இருந்தால் 2 மடங்கு வரை பயமில்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘100 மடங்கு’ வாங்குகிற அன்று நண்பர்களிடம் காட்ட உதவும்.

மடங்கு என்பதே வெறும் விகிதம். 2018-இல் வந்த நிக்கான் பி1000 கேமரா 24 மி.மீ.யில் தொடங்கி 3000 மி.மீ. வரை போகும், வகுத்தால் 125. பறவைப் படக்காரர்கள் தூக்கித் திரியும் 200-600 மி.மீ. லென்ஸோ வெறும் 3 மடங்குதான். கடையில் மடங்கைக் கேட்காதீர்கள், மி.மீ. கேளுங்கள்.

உங்கள் போனில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் தனி டெலிபோட்டோ லென்ஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 3 அல்லது 5 மடங்கில் வைத்து, பின்புற லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். எதை மூடினால் திரை இருள்கிறதோ, அதுதான் படமெடுக்கிறது. இருட்டும் நேரத்தில் இதையே செய்தால் சில போன்களின் குட்டு உடையும்: வெளிச்சம் போதாததால் டெலிபோட்டோவை ஒதுக்கிவிட்டு, முதன்மை கேமராவின் படத்தை வெட்டித் தந்துகொண்டிருக்கும்.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் நிலைமை தலைகீழ். வரையாடுகள் ஆளுக்குப் பழகி, நடைபாதை ஓரத்திலேயே மேயும். கிட்டே போய் வைடு லென்ஸில் எடுத்தால் மூக்கு பூசணிக்காயாகி, கொம்பு சூம்பிவிடும். நாலடி பின்வாங்கி 3 மடங்கில் எடுத்தால் கொம்பின் வளைவு உள்ளபடி வரும், ஆடும் மிரளாது.

இந்தப் பின்வாங்கும் வித்தையின் முழுப் பலனையும் பார்க்க பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக்குப் போக வேண்டும். பச்சை வயல், பனைமரம், முதுகுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும் நெல்லியாம்பதி மலை: இணையத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பனையடியில் நின்று போனை உயர்த்துகிறார்கள். பனை வானளாவுகிறது, மலை வரப்பு மாதிரி படுத்துக் கிடக்கிறது. மலைக்கும் பனைக்கும் இடையே கிலோமீட்டர் கணக்கில் தூரம். பனையை விட்டு இருநூறு, முந்நூறு மீட்டர் விலகினால் பனை பல மடங்கு சுருங்கும். மலைக்கு அந்த விலகல் ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஜூம் செய்து பனையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், மலையும் கூடவே வளர்ந்து நிற்கும். மலையை உயர்த்தியது நீங்கள் நடந்த தூரம். ஜூம் அதைக் கட்டம் கட்டியது, அவ்வளவே.

உச்சி வெயிலில் மட்டும் இதற்கு இறங்காதீர்கள். வயல்மேல் காற்று கொதித்து நெளியும். ஜூம் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும், எத்தனை லட்ச ரூபாய் லென்ஸானாலும். தென்மேற்குப் பருவத்தில் மழை விட்ட காலை வேளையே தோது. தூசி அடங்கியிருக்கும், சரிவில் அருவிகளும் இறங்கிக்கொண்டிருக்கும்.