ஆற்று நீரில் அணுவளவு ஹார்மோன்

ஆற்று நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து பார்க்கிறோம். நிறமில்லை; நாற்றமில்லை. ஆயினும், ஆண் மீனைப் பெண் தன்மை அடையச் செய்யும் ஆற்றல் அந்நீருக்கு இருக்கக்கூடும். கருத்தடை மாத்திரைகளில் சேரும் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்னும் செயற்கை ஹார்மோன் அத்தகைய பொருள்களுள் ஒன்று. மாத்திரை உண்டவர் உடலிலிருந்து வெளியேறும் இப்பொருள், கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களில் முற்றும் அழியாமல் ஆற்றை அடைகிறது.

இதன் அளவு மிகச் சிறிது. ஒரு லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது, 100 கோடி லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம் கரைந்திருப்பதற்குச் சமம். இத்துணைச் சிறிய அளவு தீங்கு செய்யுமா? கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் இந்த ஹார்மோனைக் கலந்து பார்த்தனர். நீரில் இருந்த அளவு லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராமே. ஆயினும், அங்கு வாழ்ந்த சிறு மீனினம் ஒன்று ஏறத்தாழ அற்றுப்போயிற்று.

இதனை அளப்பது எங்ஙனம்? முதலில் நீரை வடிகட்டுவர். பின்பு, கன ஹைட்ரஜன் சேர்த்துச் செய்த அதே ஹார்மோனை, அளவறிந்து அதில் கலப்பர். ஹார்மோனைப் பற்றி நிறுத்தும் பொருள் அடைத்த சிறு குழாயின் வழியே அந்நீரைச் செலுத்தி, பற்றியதைச் சில மில்லிலிட்டர் மெத்தனாலில் கழுவி எடுப்பர். இறுதியில், மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்தறியும் நிறமாலைமானி அதனை அளந்து கூறும். கலந்த அடையாளப் பொருளில் எத்தனை பங்கு திரும்பக் கிடைத்தது என்பதைக் கொண்டு, வழியில் நேர்ந்த இழப்பையும் கணக்கிட்டுத் திருத்துவர்.

மீனும் ஓர் அளவுகோலே. முட்டையின் மஞ்சட்கருவுக்கு வேண்டிய புரதம் பெண் மீனின் ஈரலில் உண்டாவது இயல்பு. இங்கிலாந்தில் கழிவுநீர் வாய்க்கால்களில் கூண்டிலிட்டு வைத்த ஆண் மீன்களின் இரத்தத்திலும் அப்புரதம் மிகுந்திருந்ததை 1994-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இன்ன பொருள் என்று பெயர் சொல்வது கருவி. பல பொருள்கள் கூடிச் செய்யும் விளைவைக் காட்டுவது மீன். இரண்டும் வேண்டும்.

2012-ல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த வரம்பு, லிட்டருக்கு 0.035 நானோகிராம். ஒரு நானோகிராம் வரையே காணவல்ல கருவி, இவ்வரம்பைப் பன்மடங்கு கடந்த நீரையும் குற்றமற்றதெனக் காட்டிவிடும். ஆதலின், நாம் வாழும் ஊர் எதுவாயினும், அங்குள்ள ஆற்று நீரில் ஹார்மோன் ‘காணப்படவில்லை’ என்று ஓர் அறிக்கை கூறுமாயின், எவ்வளவு நுண்ணிய அளவு வரை தேடினார்கள் என்று கேட்பதே முறை. காணப்படாதது வேறு, இல்லாதது வேறு.