உலுரு கற்பிக்கும் பாடம்

ஆஸ்திரேலியா என்றதும் கங்காருதான் நம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் நடுவே, செம்மண் பாலையில், உலுரு என்னும் மாபெரும் பாறை தன்னந்தனியாக நிற்கிறது. உயரம் 348 மீட்டர், சுற்றளவு 9.4 கிலோமீட்டர். உண்மையில் இது சாம்பல் நிற மணற்கல்லே. அதிலுள்ள இரும்பு, காற்றும் நீரும் பட்டுத் துருப்பிடிப்பதால் வெளிப்புறம் சிவந்து தோன்றுகிறது.

இது அனங்கு என்னும் பூர்வகுடி மக்களின் பூமி. பாறையின் அடிவாரக் குகைகளில் அவர்களுடைய முன்னோர் காவிக்கல், கரி, சாம்பல் ஆகியவற்றால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அக்காலத்தில் அவர்களுக்கு எழுத்து கிடையாது. எனவே ஒரு குகையில் முதியோர், சுவரில் வரைந்து காட்டியே சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். நம் வகுப்பறையின் கரும்பலகையைப் போன்றதுதான் அச்சுவர்!

ஆனால் நடந்தது என்ன? புகைப்படம் பளிச்சென்று விழவேண்டும் என்று, சென்ற நூற்றாண்டில் சுற்றுலா வழிகாட்டிகள் ஓவியங்கள்மேல் தண்ணீரை வீசினார்கள். பல ஓவியங்கள் மங்கிப்போயின. பாறைமேல் ஏறும் பாதை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. "ஏறவேண்டாம்" என்று அவர்கள் வேண்டியும் பலர் ஏறினார்கள். 1985-இல் அந்நிலம் அவர்களிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை வந்தது. இன்று மக்கள் பாறையைச் சுற்றி நடந்து கண்டு மகிழ்கின்றனர்.

தோழியரே, சுற்றுலா செல்லுமிடத்தில் பாறையிலும் தூணிலும் பெயரைக் கீறுகிறோமே, அது முறையா? பிறர் போற்றிக் காப்பதை நாமும் மதித்துக் காண்போம்.