ஃபார்மேட் போட்டாச்சு... வைஃபை எங்கே போச்சு?



நம்மில் பலர் வீட்டில் அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு இலவச லேப்டாப் இருக்கும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. எல்காட் மூலமாக வாங்கிக் கொடுத்தார்கள். இப்போ அது எங்கே என்று கேட்டால், "ஃபார்மேட் போட்டதுக்கு அப்புறம் நெட் வரலை, சவுண்டு வரலை, கெட்டுப்போச்சு, பரண்ல கெடக்கு" என்பார்கள். பல நேரம் அது கெட்டே போயிருக்காது. டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

டிரைவர் என்றால் யார்?

பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன்பஸ் நிற்கிறது. டீசல் இருக்கிறது, ஆளும் ஏறியாச்சு. டிரைவர் அண்ணன் வராமல் பஸ் நகருமா? கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வைஃபை கார்டு, சவுண்டு, டிஸ்ப்ளே எல்லாம் வன்பொருள்கள். ஒவ்வொன்றையும் எப்படி வேலை வாங்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித் தருகிற சின்ன மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். தமிழில் இயக்கி. பஸ் டிரைவரால் ரயில் ஓட்ட முடியாது. அதேபோல சவுண்டு டிரைவரால் வைஃபையை ஓட்ட முடியாது. ஃபார்மேட் போட்டால் இவை எல்லாமே அழிந்துவிடும். புது விண்டோஸில் சிலது கூடவே வரும், சிலது வராது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்க அக்கா குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். லேப்டாப்பை ஃபார்மேட் போட்டு வாங்கி வந்தோம். வைஃபை வரவில்லை. வேறொரு கடையில், "கார்டு போயிருச்சு தம்பி, 1500 ரூபாய் ஆகும். பேசாம புதுசு வாங்கிருங்க" என்றார்கள். அப்பா யோசித்தார். ஆன்லைன் மாதிரித் தேர்வு எழுத முடியாமல் அக்கா அழாத குறை. நான் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். "நெட்வொர்க் கண்ட்ரோலர்" என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி. எனக்கு அப்பவே நம்பிக்கை வந்துவிட்டது. ஏன்னா, கார்டு அடியோடு செத்திருந்தால் அந்தப் பட்டியலில் பெயரே வராது. "நான் இருக்கேன், என்னை ஓட்டத்தான் ஆளில்லை" என்று அது சொல்கிறது! அன்று மாலையே வைஃபை வந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

எப்படிச் சரிசெய்வது?

1. மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக் செய்து, மேனேஜ் போய், டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். மஞ்சள் குறி உள்ளதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்ளவும்.

2. ஒவ்வொன்றிலும் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் ஒரு நீளமான எண் வரும். அதில் வி.இ.என். என்பதற்குப் பிறகு வருவது தயாரித்த நிறுவனம். 8086 என்றால் இன்டெல் (1978-ல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணும் இதுதான்). 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 பிராட்காம், 1002 ஏஎம்டி. டி.இ.வி. என்பதற்குப் பிறகு வருவது மாடல். பெயர் தெரியாத பொருளுக்கும் இந்த எண்ணே ஆதார் அட்டை!

3. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டிரைவரை இறக்கவும். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பார்க்கவும். மாறினால் ஏறாது.

4. "நெட் வர டிரைவர் வேணும், டிரைவர் இறக்க நெட் வேணுமே!" என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. நெட் வந்துவிடும். கேபிள் டேட்டா கேபிளாக இருக்க வேண்டும்.

5. சிப்செட் டிரைவரை முதலில் போடவும். பிறகு டிஸ்ப்ளே, வைஃபை, சவுண்டு.

எச்சரிக்கை: "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று கூப்பிடும் சாஃப்ட்வேர்கள் பக்கம் போகாதீர்கள். அவற்றில் சில வைரஸையும் கூட்டி வரும்.

வருமுன் காப்போம்

ஃபார்மேட் போடும் முன் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்று வரிசையாகப் போய், ஃபைல் ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். பழைய டிரைவர்கள் அத்தனையும் அதில் இருக்கும். அதே விண்டோஸைத் திரும்பப் போட்ட பிறகு, மஞ்சள் குறி உள்ளதில் அப்டேட் டிரைவர் கொடுத்து இந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும், விண்டோஸே தேடி எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய லேப்டாப்பை ஏற்றுக்கொள்ளாது. அதனால் லினக்ஸையும் பாருங்கள். திட்டத்தின் ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளேயே இருக்கும். எதையும் அழிக்காமல் பென்டிரைவில் இருந்தே ஓட்டியும் பார்க்கலாம். அதில் வைஃபை வேலை செய்தால் கார்டு நல்லாத்தான் இருக்கு என்று அர்த்தம்.

ஆகவே நண்பர்களே, எடைக்குப் போடும் முன் மஞ்சள் குறியை ஒருமுறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஹார்டுவேர் ஐடியை எழுதிக்கொண்டு மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபுக்கு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.



– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்