பெட்டி இல்லாத பேனை

போன மாதம் சாய்ந்தமருதிலிருந்து வந்த எங்கள் ராத்தா, லேஞ்சியில் சுற்றி ஒரு பேனையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எழுதுகிற பேனை இல்லை, வயிற்றில் குத்துகிற பேனை. மகளுக்குக் கலியாணம் வருகிறது, அதற்குள் மெலிய வேணுமாம். வாட்ஸ்அப்பில் கண்டு ஓடர் பண்ணியது. பெட்டி இல்லை, பில் இல்லை. கொழும்பு இரவு பஸ்ஸில் பார்சலாக வந்திருக்கிறது. "டோஹாவில எல்லாரும் இதத்தான் போடுறாங்களாம்" என்றார்.

போடுகிறார்கள்தான். மருந்தில் பொய் இல்லை. ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வருவது செமாக்ளூட்டைட். மௌன்ஜாரோ என்பது டிர்செபடைட். சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனின் வேலையைச் செமாக்ளூட்டைட் செய்கிறது. டிர்செபடைட் அதோடு இன்னொரு குடல் ஹோர்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசி அடங்கும், சஹனில் சோறு மிஞ்சும். 2021இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு 68 வாரம் செமாக்ளூட்டைட் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடம் போனபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ராத்தாவின் கலியாணக் கணக்கு இங்கேயே பிழைக்கிறது.

'மெலியிற ஊசி' என்ற பெயரில் பழைய சரக்கு ஒன்றும் உண்டு: எச்சிஜி, கர்ப்பகால ஹோர்மோன். இந்தியாவில் பணியாற்றிய சிமியன்ஸ் என்ற டொக்டர் 1954இல் அதைப் பிரபலமாக்கினார். கூடவே நாளுக்கு 500 கலோரிதான் சாப்பாடு. அவ்வளவு பட்டினி கிடந்தால் பச்சைத்தண்ணி ஊசிக்கும் எடை குறையும். எடை குறைப்புக்கு அது உதவாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் எப்போதோ சொல்லிவிட்டது.

பேனைக்கு வருவோம். பாவிக்கத் தொடங்கும்வரை அது 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். பஸ்ஸின் சாமான் பெட்டிக்குள் அந்தக் குளிர் ஏது? அதைவிடப் பெரிய பயம், உள்ளே இருப்பது என்ன என்பது. 2023 ஒக்டோபரில் ஒஸ்திரியாவில் போலி ஒசெம்பிக் போட்டவர்கள் இரத்தத்தில் சீனி விழுந்து வைத்தியசாலைக்குப் போனார்கள். பேனைக்குள் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி ஒசெம்பிக் பற்றி எச்சரித்தது. நமக்கும் இது புதிதல்ல. 2023இல் இலங்கையின் அரச வைத்தியசாலைகளுக்குள்ளேயே தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி நுழைந்த விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சர் அடுத்த பெப்ரவரியில் கைதானார்.

ஊசி போட்டபின் வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால், நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுத்து 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். முதுகுவரை இழுக்கும் கடும் வயிற்றுவலி என்றால் கணையம் வீங்கியிருக்கலாம், விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி ஆகாது. பிள்ளை வேண்டுவோர் செமாக்ளூட்டைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட்டில் மெடுலரி என்ற வகைப் புற்றுநோய் வந்திருந்தாலும் தொடக்கூடாது. சத்திரசிகிச்சைக்குப் போனால் மயக்கமருந்து டொக்டரிடம் ஊசி போடுவதைச் சொல்லிவிட வேண்டும். நோன்பு முறியுமா என்பதை உலமாக்களிடம் கேட்கலாம். ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சாதாரணமாக வரும் மருந்தோடு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாமா என்பது டொக்டரிடம் கேட்கும் கேள்வி, ரமழானுக்கு முன்பே.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதியாத மருந்தை விற்கக் கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் எந்த மருந்தையும் விற்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து மச்சான் தன் பாவனைக்குக் கொண்டுவந்தது வேறு கதை, அதைப் பியூட்டி பார்லரில் வைத்து விற்பது குற்றம். பெட்டியைக் காட்டச் சொல்லவும், தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பார்க்கவும், பில் கேட்கவும் வெட்கப்படத் தேவையில்லை. கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை. மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. ஊசி போடுபவர் டொக்டர்தானா என்று இலங்கை மருத்துவ சபையில் விசாரிக்கலாம். தனியார் கிளினிக் பற்றிய முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு அனுப்பலாம். மருந்தில் சந்தேகம் என்றால் கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்குப் போய், உணவு, மருந்துப் பரிசோதகரைக் கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் ஆத்திரத்தில் பேனையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதுதான் சாட்சி. பார்சல் உறை, காசு போட்ட சிலிப், வாட்ஸ்அப் பேச்சு எல்லாமே சாட்சிதான்.

ராத்தா எங்கள் வீட்டிலிருந்தே விற்றவருக்கு வொய்ஸ் போட்டார்: "தம்பி, இதுக்கு ஒரு பில் தாங்களன்."

"பில்லா? ராத்தா, இது சூட்கேஸ்ல வந்த சாமான்."

அந்த வொய்ஸை அழிக்காமல் வைக்கச் சொன்னேன். பேனை இப்போது பார்சல் உறையோடு எங்கள் பிரிட்ஜில் கிடக்கிறது. திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் பணிமனைக்குப் போகிறோம்.