குர்பானி கழிவு வண்டி: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வழக்கம்போல் இந்த முறையும் கழிவு அள்ள டிராக்டர் வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். பிறை 10, 11, 12 மூன்று நாளும் வண்டி தெருத் தெருவாக வரும். ஷாஃபிஈ மத்ஹபினர் 13 அன்றும் அறுப்பார்கள் என்பதால், அன்று மாலை வரை ஒரு வண்டி நிற்கும். வாடகையும் டீசலும் நம் டிரஸ்ட்டின் பொறுப்பு. வண்டிக்குள் என்ன விழுகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற பெருநாளில் ஒரு லோடை எருக்குழிக்காக ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் குடலோடு குடலாகப் பழைய மெத்தை, பெயின்ட் டப்பா, உடைந்த டியூப் லைட், யாரோ பாத்ரூம் இடித்துப் போட்ட ஓடு. தோட்டக்காரர் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. வாசலுக்கு ஒரு வண்டி வந்து நின்றால், மூன்று வருஷமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்ததெல்லாம் நமக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த லோடை மறுபடி கொட்டி, கையால் பிரித்தவர்கள் கூலிக்கு வந்த இரண்டு பேர். ஒருவருக்கு உள்ளங்கையில் கண்ணாடி கிழித்துவிட்டது.

ஓர் ஆட்டில் உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் இறைச்சி. மீதியிலும் தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி என்று நம் வீடுகளில் வீணாவது குறைவு. வண்டிக்கு வர வேண்டியவை இவைதான்: இரைப்பையிலும் குடலிலும் உள்ள சாணம், நீங்கள் சமைக்காத குடல், பித்தப்பை, சிறுநீர்ப்பை, சுரப்பிகள், குளம்பு, எலும்புத் துண்டுகள், இரத்தம் தோய்ந்த மண்ணும் வைக்கோலும். ஆட்டுக்குப் போட்டு மிஞ்சிய தழையையும் போடலாம்.

இரத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசலில் அறுத்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்குத் தள்ளுகிறோம். கோடையில் ஓட்டமில்லாத சாக்கடையில் அது தேங்கி, மறுநாளே நாற்றமெடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மார்க்கத்தவராக இருந்தாலும் மூக்கு ஒன்றுதான். அறுக்கும் இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி இரத்தத்தை அதில் விட்டு, மேலே சுண்ணாம்பு தூவி மண்ணை மூடிவிடுங்கள். சிமென்ட் தளமாக இருந்தால் மரத்தூளோ மணலோ பரப்பி, அதன்மேல் அறுத்து, அப்படியே கூட்டி அள்ளி வண்டியில் போடுங்கள்.

பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் கேரி பேக் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பது ஒருபுறம் இருக்கட்டும். முடிச்சுப் போட்ட பையில் குடல் சில மணி நேரத்திலேயே உப்பிப்போகும். அதை ஒவ்வொன்றாக அவிழ்ப்பது ஒரு மனிதனின் கை. அவிழ்க்காமல் குழியில் போட்டாலோ உள்ளே மக்குவதும் இல்லை, பை மண்ணிலேயே கிடக்கிறது. பழைய சாக்கிலோ வாளியிலோ கொண்டுவாருங்கள். வாளியைக் கவிழ்த்துவிட்டு எடுத்துப் போய்விடலாம். விருந்தில் மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சு பூசிய டீ கப் எல்லாமும் அதே தடையில் வருபவைதான். வாங்கவே வாங்காமல் வாழை இலைக்குப் போனால் அந்த இலையையும் நம் வண்டியிலேயே போடலாம்.

டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது, பழைய டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எருவில் கலந்தால் அது மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். இவற்றைத் தனியாக வைத்து மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். ஊசி, பிளேடு, முனை உடைந்த கத்தி ஆகியவற்றை டப்பாவில் அடைத்து, தனியாக ஒப்படையுங்கள். கட்டட இடிபாட்டுக்கு 2016 முதல் தனி விதியே இருக்கிறது. அதைக் குப்பையோடு கலக்கக் கூடாது. வேறு வண்டி பேச வேண்டும்.

கலந்த குப்பை கடைசியில் கிடங்குக்குத்தான் போகும். முருகபவனம் கிடங்கில் தீப்பிடித்துப் புகை கிளம்பியதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். பிரித்துத் தந்த சாணம் அங்கே போக வேண்டியதே இல்லை. அது மக்கினால் நல்ல எரு.

ஈரலிலோ நுரையீரலிலோ நீர் கோத்த கொப்புளம் தெரிந்தால் அந்த உறுப்பைத் தெருநாய்க்கு வீசாதீர்கள். அது நாடாப்புழுவின் கூடாக இருக்கலாம். நாய் தின்றால் அதன் குடலில் புழு வளர்ந்து, முட்டை மலத்தில் வெளியேறி, மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குள் போகும். அதைத் தனிச் சாக்கில் போட்டு வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிடுவார்கள்.

இனி தோல். வண்டியில் விழக் கூடாதவற்றில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஒரு காலத்தில் குர்பானித் தோல் விற்ற பணத்தில் மத்ரஸாப் பிள்ளைகளின் பல மாதச் சாப்பாடு ஓடியது. தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன ஊர் இது. சில வருடங்களாக விலை வெகுவாக விழுந்துவிட்டது. செயற்கைத் தோல் வந்துவிட்டது, வாங்குவோரும் குறைந்துவிட்டார்கள். அதனால் "இதை யார் சுமப்பது" என்று தோலைச் சுருட்டிக் குப்பையில் போடுகிறார்கள். விலை குறைந்தாலும் அது ஏழையின் பங்குதான். அறுப்பவருக்குக் கூலியாகவும் தோலைக் கொடுக்கக் கூடாது என்று அலி (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. கூலியைக் கைக்காசில் கொடுத்துவிட்டுத் தோலை நம்மிடம் சேருங்கள்.

வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் தோல் அழுக ஆரம்பித்து மயிர் கழன்றுவிடும். பிறகு அதற்கு விலையே இல்லை. உரிக்கும்போது கத்தியைக் குறைத்துக் கைமுட்டியால் தள்ளி உரித்தால் கீறல் விழாது. உரித்த கையோடு நிழலில் சதைப்பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு தோலுக்கு ஒரு கிலோ கல்லுப்பு என்று ஓரம் வரை அழுத்தித் தேயுங்கள். பிளாஸ்டிக் பையில் திணித்து வைக்காதீர்கள். கசியும் உப்புநீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். தோல் பதனிட்ட கழிவுநீரால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதில் பேசப்பட்ட மாவட்டங்களில் நம் திண்டுக்கல்லும் ஒன்று.

உப்பு வாங்க முடியாதவர்களுக்காக டிரஸ்ட் அலுவலகத்தில் கல்லுப்பு மூட்டை இறக்கி வைத்திருக்கிறோம். பாத்திரத்தோடு வந்து அள்ளிக்கொள்ளலாம். முதியவர்கள் மட்டும் உள்ள வீடுகளுக்குத் தோலை எடுக்க நம் பிள்ளைகளே வருவார்கள். வண்டி வரும்போது அள்ளுபவர்களுக்கு ஒரு சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வாசலில் வைத்துவிடுங்கள். பகலில் அவர்கள் கை கழுவ இடம் தேடி அலைந்ததைச் சென்ற முறை பார்த்தோம்.